ராணிப்பேட்டை வெயிலில் மைக்ரான் பார்ப்பது: மேசை விஎம்எம் நிறுவி ஓட்டும் முறை

ஓ-ரிங்கை வெர்னியரில் பிடித்து அளந்தால் ஆளுக்கு ஒரு அளவு வரும். அழுத்தினால் சிறுக்கும், விட்டால் பெருக்கும். ரப்பர் கேஸ்கெட், ஷூ பக்கிளின் துளை, 0.3 மி.மீ. ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), பிரஸ்ஸில் அடித்த சின்ன பிராக்கெட் என்று ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பழைய வட ஆர்க்காட்டுப் பட்டறைகளில் ஓடும் பல ஜாப்களுக்குத் தொடாமல் அளக்கும் கருவியே பொருந்தும். வீடியோ மெஷரிங் மெஷின், சுருக்கமாக விஎம்எம், அந்த வேலைக்கு வந்தது.

கனமான கிரானைட் அடித்தளம், அதன் மேல் எக்ஸ், ஒய் திசைகளில் நகரும் மேசை, மேசை நடுவில் கண்ணாடித் தட்டு, பின்னால் தூண், தூணில் ஏறி இறங்கும் கேமராவும் ஜூம் லென்சும் (இந்த ஏற்ற இறக்கம்தான் இசட் திசை). மூன்று அச்சிலும் எவ்வளவு நகர்ந்தது என்று படிக்கும் கண்ணாடி ஸ்கேல். தட்டுக்கு அடியிலிருந்து ஒரு விளக்கு, லென்சைச் சுற்றி ஒரு ரிங் விளக்கு. கையால் நகர்த்தும் 200×100, 300×200 மி.மீ. மேசைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மோட்டார் வைத்த வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

திரையில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் ஓடும். நான்கையும் நம்பி ரிப்போர்ட்டில் எழுதுவதுதான் முதல் தவறு. கையேட்டில் துல்லியம் '3 + நீளம்/200 மைக்ரான்' என்ற மாதிரி போட்டிருப்பார்கள் (நீளம் மி.மீ.யில்; ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 100 மி.மீ. நீளத்துக்கு இது 3.5 மைக்ரான் என்று கணக்கு. அதுவும் 20 டிகிரி வெப்பநிலையில், தூசியில்லாத அறையில், ஒழுங்காக கேலிபரேட் செய்த (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்த) கருவியில் கிடைப்பது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த மூன்றாவது இலக்கத்தை நிற்க வைக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இனி வரும் சமாச்சாரம்.

இடம்

பவர் பிரஸ் இருக்கும் ஷெட்டிலேயே ஒரு மூலையைத் தடுத்துக் கருவியை வைப்பது பலர் செய்வது. வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் திரையில் படம் நடுங்கும். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒரே வட்டத்தைப் பத்துமுறை எடுத்தால் அளவு 4, 5 மைக்ரான் அலையும். இடத்தைச் சோதிக்கச் சுலபமான வழி: தரையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, ட்யூப்லைட் அதில் பிரதிபலிக்கும்படி பாருங்கள். பிரஸ் அடிக்கும்போதோ ஹைவேயில் லோடு லாரி போகும்போதோ பிரதிபலிப்பு சிலிர்த்தால் வேறு இடம் தேடுங்கள். மாடி அறையைவிடத் தரைத்தளம் நல்லது. காட்பாடி, வாலாஜா ரோடு பக்கம் ரயில் பாதைக்கு அருகில் பட்டறை இருந்தால், ரயில் கடக்கும் அந்த ஓரிரு நிமிடம் அளவெடுக்காமல் இருப்பதே மலிவான தீர்வு.

மேசையை மரத்தில் செய்யாதீர்கள். கிரானைட் அடித்தளம் வைத்த கருவி நூறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் முறுக்கும். 50 மி.மீ. சதுரக் குழாயில் வெல்டிங் செய்து, குறுக்குப் பட்டை கொடுத்து, கால்களுக்குக் கீழே உயரம் திருகும் போல்ட் வைத்த இரும்பு ஸ்டாண்டு போதும். சுவரில் சாய்க்காமல் நான்கு பக்கமும் கை நுழையும் இடம் விடுங்கள்.

ஏசி காற்று நேராகக் கருவி மேல் விழக்கூடாது. ஜன்னல் வெயிலும் அப்படியே: மாலை நான்கு மணிக்குத் தூணின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் தூண் வளையும், இசட் அளவு நகரும். வெளியே 40 டிகிரி இருக்கும்போது அறையை 20-க்கு இழுப்பது செலவு. பெரும்பாலான பட்டறைகளால் முடியாது. 24-ல் வைத்து, அதை நாள் முழுக்க ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல் காப்பது, காலையில் 20, மதியம் 27 என்று ஆடவிடுவதைவிட எவ்வளவோ மேல். நிலையான தவறைக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம். ஆடும் தவறை என்ன செய்வது?

வெப்பத்தின் கணக்கு

ஒரு மீட்டர் உலோகம் ஒரு டிகிரி ஏறினால் எவ்வளவு நீளும் என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள்: ஸ்டீல் 11.5 மைக்ரான், பித்தளை 19, அலுமினியம் 23. கருவிக்குள் இருக்கும் கண்ணாடி ஸ்கேலும் நீளும், சுமார் 8.

மே மாதம் ஷெட்டில் 38 டிகிரியில் கிடந்த 150 மி.மீ. அலுமினிய டைகாஸ்டிங்கை நேராக 24 டிகிரி அறைக்குக் கொண்டுவந்து தட்டில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 14 டிகிரி. 0.15 × 23 × 14, அதாவது 48 மைக்ரான். முதலில் எடுத்த அளவுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவுக்கும் இடையே கிட்டத்தட்ட 0.05 மி.மீ. குறையும். அதே நீளம் ஸ்டீலில் 24 மைக்ரான். "காலையில் ஓகே ஆன பீஸ் மதியம் ரிஜெக்ட் ஆகிறது" என்ற சண்டைகளில் பாதி இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

பீஸ் அறை வெப்பத்துக்கு வந்துவிட்டாலும் மிச்சம் ஒன்று உண்டு. டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரிக்குச் சொன்னது. அறை 24. அலுமினியமும் நீண்டிருக்கிறது, ஸ்கேலும் நீண்டிருக்கிறது. இரண்டின் வித்தியாசம்தான் திரையில் விழும். 0.15 × (23 − 8) × 4 = 9 மைக்ரான். ஸ்டீலாக இருந்தால் 2 மைக்ரான்தான், கண்டுகொள்ள வேண்டாம். சாஃப்ட்வேரில் வெப்பத் திருத்தம் இருந்தால் போடுங்கள். அது ஏற்கெனவே ஸ்கேலுக்கு ஏதாவது திருத்தம் செய்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டு முறை கழித்துவிடக்கூடாது.

மெல்லிய தகடு அரைமணியில் ஆறிவிடும். கைப்பிடி அளவு ஸ்டீல் பீஸுக்கு இரண்டு முதல் நான்கு மணி. கிரானைட் பலகை மேல் பரப்பி வைத்தால் சீக்கிரம் ஆறும். பிளாஸ்டிக் பெட்டியில் குவித்து வைத்தால் நடுவில் இருப்பது மதியம்வரை சூடாகவே கிடக்கும்.

பெட்டி பிரிப்பது

மரப்பெட்டியின் மேல்மூடி, பிறகு பக்கங்கள், கடைசியில் அடிப்பலகை. தூக்க நான்கு பேர் வேண்டும். சின்ன ஹாய்ஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. பெல்ட் கிரானைட் அடியில்தான் போக வேண்டும். தூணையோ மேசையையோ பிடித்துத் தூக்கினால் அன்றைக்கே மூலைமட்டம் (அச்சுகள் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் நிற்பது) போச்சு. அதைத் திரும்பக் கொண்டுவர சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும்.

அனுப்பும்போது எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் சிவப்பு அல்லது மஞ்சள் பூசிய தகடுகளால் பூட்டியிருப்பார்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகே அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஹேண்டிலைச் சுற்றினால் நகர்த்தும் ராடு வழுக்கித் தேயும். இசட் பூட்டை எடுக்குமுன் கேமரா ஹெட்டைக் கையால் தாங்குங்கள். எதிர் எடை சரியாக மாட்டாமல் இருந்தால் லென்ஸ் கண்ணாடித் தட்டின் மேல் வந்து விழும். கழற்றிய தகடுகளையும் போல்ட்டுகளையும் ஒரு கவரில் போட்டு ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். இடம் மாற்றும் நாளில் தேடவேண்டி வரும்.

துரு பிடிக்காமல் பூசிய கிரீஸை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த நூல் விடாத துணியால் துடைக்கவும். பனியன் வேஸ்ட் வேண்டாம், பஞ்சு விடும். கம்ப்ரஸர் காற்றை ஸ்கேல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நம் கம்ப்ரஸர் லைனில் எண்ணெயும் தண்ணீரும் இல்லாத நாள் கிடையாது. ஸ்கேல் மேல் ஒரு துளி படிந்தால் எண்கள் குதிக்க ஆரம்பிக்கும்.

மின்சாரமும் எர்த்தும்

கருவியும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ்ஸில் தாராளமாக ஓடும். அதைவிட முக்கியம் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் எர்த் குழி காய்ந்து போகும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய கருவி கோடையில் மட்டும் அளவு குதிக்கிறது என்றால் முதலில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெல்டிங் மெஷினும் விஎஃப்டி டிரைவும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் லைனில் கருவியைக் கொடுக்காதீர்கள்.

கேமரா யுஎஸ்பி கேபிளை நீட்டி இழுக்க வேண்டாம். யுஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. எக்ஸ்டென்ஷன் போட்டால் படம் உறையும். கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் கேமராவை மாட்டி, அந்த போர்ட்டை மாற்றாதீர்கள். விண்டோஸில் ஸ்லீப்பையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். பாதி அளவெடுத்திருக்கும்போது டீ குடிக்கப் போய் வந்தால் கேமரா செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

மட்டம்

மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ரசமட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கியாவது கொண்டுவாருங்கள். கொத்தனார் ரசமட்டம் இங்கே உதவாது. மேசையை நடுவில் நிறுத்தி, ரசமட்டத்தைக் கிரானைட்டின் மேல் எக்ஸ் திசையில் வைத்து, பிறகு ஒய் திசையில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு கால் இருந்தால் முதலில் மூன்றை மட்டும் பாரம் தாங்கவிட்டு மட்டம் கொண்டுவந்து, நான்காவதை விரலால் தொடும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். நான்கையும் ஒரே சமயத்தில் இறுக்கினால் கிரானைட்டே முறுக்கும். பிறகு மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தி, குமிழி எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்டாண்டு வளைந்தால் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். புது ஸ்டாண்டு உட்காரும்.

கேமராவை நேராக்குவது, பிக்ஸல் கேலிபரேஷன்

மின்சாரம் கொடுத்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். விளக்கும் கேமராவும் சூடாகி நிலைக்கு வர அவ்வளவு வேண்டும். சில கருவிகளில் ஒவ்வொரு முறை போடும்போதும் மேசையை ஒருமுறை கோடிக்குக் கோடி ஓட்டி ஸ்கேலின் ஆரம்பக் குறியைக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஸ்கேல் திருத்தம் வேலை செய்யாது, சாஃப்ட்வேரும் பல சமயம் எச்சரிக்காது.

கேமரா தன் அச்சில் கொஞ்சம் திரும்பியிருக்கும். தட்டில் ஒரு சின்னப் புள்ளியை, கேலிபரேஷன் கண்ணாடியில் (அளவு தெரிந்த வட்டங்கள் பதித்த கண்ணாடித் துண்டு) உள்ள கறுப்பு வட்டமே போதும், திரையின் இடது ஓரத்தில் கிராஸ்-லைன் மேல் வைத்து, எக்ஸ் ஹேண்டிலை மட்டும் சுற்றி வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கோட்டை விட்டு மேலேயோ கீழேயோ போனால் கேமரா கழுத்தில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்புங்கள். பாதியளவு திருத்தி மறுபடி ஓட்டுவது. மூன்று நான்கு தடவையில் வந்துவிடும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ஒரு டிகிரி திருகியிருந்தால் 3 மி.மீ. திரையில் நகரும்போது 0.05 மி.மீ. குறுக்கே தள்ளும். அளவு தப்பாக வரும், ஆனால் தினமும் ஒரே மாதிரி தப்பாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, ஒரு பிக்ஸல் எத்தனை மைக்ரான் என்று கருவிக்குச் சொல்லித் தருவது. 0.7 முதல் 4.5 மடங்கு வரை போகும் ஜூம், 0.5 மடங்கு அடாப்டர், அரை அங்குல கேமரா சிப் என்ற சேர்மானத்தில், மிகக் குறைந்த ஜூமில் திரையின் அகலம் சுமார் 18 மி.மீ., மிக அதிகத்தில் 2.8 மி.மீ. அகலத்தில் 1280 பிக்ஸல் இருந்தால் முதலாவதில் ஒரு பிக்ஸல் 14 மைக்ரான், இரண்டாவதில் 2.2. ஒவ்வொரு ஜூமுக்கும் தனித்தனியாக கேலிபரேட் செய்து சேமிக்க வேண்டும். ஜூம் வளையத்தில் 'டிக்' என்று நிற்கும் இடங்கள் இருக்கும்; இரண்டு டிக்குக்கு நடுவில் நிறுத்தி அளந்தால் சேமித்த எண் எதற்கும் பொருந்தாது. சாஃப்ட்வேரில் தேர்ந்த ஜூமும் வளையத்தில் இருக்கும் ஜூமும் ஒன்றா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும். 2 மி.மீ. வட்டம் 2.6 என்று வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

கேலிபரேஷன் கண்ணாடியில் பல அளவு வட்டங்கள் இருக்கும். திரையில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும் வட்டத்தை எடுங்கள். கீழ் விளக்கு மட்டும். குரோமியம் பூசிய பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் கண்ணாடியின் தடிப்பு வழியாகப் பார்க்க வேண்டி வரும், ஃபோகஸ் மழுங்கும். ஃபோகஸ் செய்து, சான்றிதழில் உள்ள உண்மை அளவைக் கொடுங்கள். கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொடுக்கக் கூடாது. '2.000' என்று அச்சிட்டது சான்றிதழில் 1.9987 ஆக இருக்கலாம்.

முடிந்ததும் அதே வட்டத்தைத் திரையின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்து அளந்து பாருங்கள். மூலையில் மட்டும் மாறினால் அது லென்ஸின் வளைவு. அப்படியானால் அளவெடுப்பதைத் திரையின் நடுப் பகுதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தின் ஸ்கேல் திருத்தத்தையும் மூலைமட்டத் திருத்தத்தையும் நிறுவும் ஆள் செய்து கொடுப்பார். நீங்கள் சரிபார்க்கலாம். 100 மி.மீ. கண்ணாடி ஸ்கேல் ஒன்றைத் (கருவிக்குள் இருப்பதல்ல, தனியானது) தட்டில் வைத்து எக்ஸில் ஒருமுறை, 90 டிகிரி திருப்பி ஒய்யில் ஒருமுறை அளக்கவும். பிறகு மேசையின் குறுக்காக இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி. முதல் இரண்டும் வித்தியாசப்பட்டால் ஒரு அச்சின் ஸ்கேல் திருத்தம் தப்பு. குறுக்கு அளவுகள் இரண்டும் வித்தியாசப்பட்டால் எக்ஸும் ஒய்யும் மூலைமட்டத்தில் இல்லை, 100 மி.மீ.யில் 10 மைக்ரான் வித்தியாசம் என்பது சுமார் 20 ஆர்க் செகண்டு (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்டு). இந்தக் கருவிகளைச் சோதிக்கும் சர்வதேச முறை ஐஎஸ்ஓ 10360-7. வருடாந்திர கேலிபரேஷனை என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்திடம் கொடுக்கும்போது அந்த முறையையோ அதற்கு ஈடானதையோ கேளுங்கள்.

விளக்கு

ஆபரேட்டருக்கும் ஆபரேட்டருக்கும் அளவு மாறுவதற்கு மிகப் பெரிய காரணம் விளக்கின் அளவு. கைப்பழக்கம் அதற்குப் பிறகுதான்.

கீழ் விளக்கு போட்டால் பீஸ் கறுப்பாகவும் சுற்றிலும் வெள்ளையாகவும் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட வெள்ளை வழிந்து கறுப்பைத் தின்னும். பீஸின் வெளி அளவு சிறுக்கும், துளை பெருக்கும். வெளிவிட்டம் குறைவு, உள்விட்டம் அதிகம் என்று இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால், பீஸை அடிக்கும் டையை நோண்டாதீர்கள், விளக்கைக் குறையுங்கள். வெள்ளைப் பகுதி முழுக்கச் சுட்டெரிக்கும் வெள்ளையாகாமல் லேசான சாம்பல் தட்டும் நிலையில் நிறுத்துங்கள். அந்த விளக்கு எண்ணை, உதாரணமாக 35 என்றால் 35, அந்த ஜாப்பின் தாளில் எழுதிவிடுங்கள். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை.

உருண்டையான ஷாஃப்ட், பின், ரோலர் இவற்றில் இன்னொரு சிக்கல். சாய்ந்து வரும் வெளிச்சம் ஷாஃப்டின் பக்கவாட்டில் பட்டு லென்ஸுக்குள் ஏறும். பளபளப்பான பின் தன் உண்மை விட்டத்தைவிடச் சிறியதாகத் தெரியும். கீழ் விளக்கின் மேல் கதிர்களை நேராக்கும் லென்ஸ் உள்ள கருவியில் இது குறைவு. இல்லாவிட்டால் பீஸுக்கு இருபுறமும் கறுப்புத் தாளை வைத்துத் தேவையான இடத்தை மட்டும் திறந்து விடலாம். ஃபோகஸைப் பின்னின் உச்சியில் வைக்கக் கூடாது. அரை விட்டம் கீழே இறங்கி, அகலம் முழுதாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். 10 மி.மீ. பிளக் கேஜ் (விட்டம் துல்லியமாகத் தெரிந்த உருளை) ஒன்றை இப்படி அளந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பின்களின் அளவை நம்ப வேண்டும்.

மேல் விளக்கு படிக்கட்டு விளிம்பு, முட்டுத் துளை (மறுபக்கம் திறக்காத துளை), செதுக்கிய எழுத்து போன்றவற்றுக்கு. நான்கு பகுதி ரிங்கில் ஒரு பகுதியை மட்டும் போட்டால் விளிம்பின் ஒரு பக்கம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த நிழலின் ஓரத்தையே சாஃப்ட்வேர் விளிம்பு என்று பிடித்துவிடும். எதிர்ப்பக்கப் பகுதியைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அது விளிம்பு. பளபளக்கும் பித்தளை பக்கிளில் விளக்கை மங்கலாக்கினால்தான் வேலை நடக்கும். பவுடர் ஸ்ப்ரே அடிக்கும் யோசனை வரும். அந்தப் பூச்சும் தடிப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு பிராக்கெட்டை அளப்பது

1.6 மி.மீ. தகட்டில் அடித்த, நான்கு துளை உள்ள பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பிசிறை எடுத்து, எண்ணெயைத் துடைக்கவும். பஞ்ச் நுழைந்த பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். துளையில் பஞ்சின் அளவைத் தாங்கி நிற்பது அந்தப் பக்கத்துப் பளபளப்பான பட்டை. அதற்குக் கீழே கிழிந்து விரிந்திருக்கும். கீழ் விளக்கில் தெரியும் நிழல் அந்த ஒடுங்கிய பட்டையுடையது, ஆக ஃபோகஸையும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே பட்டையில் வைக்க வேண்டும்.

தகடு வளைந்திருந்தாலோ, அடியில் ஒரு துகள் சிக்கியிருந்தாலோ சாயும். ஒரு டிகிரி சாய்ந்தால் 1.6 மி.மீ. தடிப்பில் துளையின் நிழல் ஒரு திசையில் 0.028 மி.மீ. குறுகும். துளை நீள்வட்டமாக வருகிறது என்று பஞ்சைக் குறை சொல்வதற்கு முன் பீஸை 90 டிகிரி திருப்பி வையுங்கள். நீள்வட்டமும் பீஸோடு சேர்ந்து திரும்பினால் பீஸிலோ பஞ்சிலோ கோளாறு. திரும்பாமல் மேசை திசையிலேயே நின்றால் அமர்வோ கருவியோ காரணம்.

அச்சு நேராக்க, டிராயிங்கில் டேட்டம் (மற்ற அளவுகளுக்கு ஆதாரமான இடம்) என்று குறித்த ஓரத்தில் இரண்டு புள்ளி எடுத்தால் போதாது. ஒரு பிசிறு இருந்தால் கோடே சாயும். ஓரத்தின் முழு நீளத்திலும் ஆறு எட்டு இடத்தில் எடுத்துக் கோடு போடுங்கள். அதை எக்ஸ் என்று சொல்லி, டேட்டம் துளையின் மையத்தை பூஜ்ஜியமாக்குங்கள். இனி பீஸ் தட்டில் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் கவலை இல்லை.

துளைகளை வட்டக் கருவியால் எடுக்கவும். விளிம்புக்கு உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம் என்று இழுத்துவிட்டால் சாஃப்ட்வேர் நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பிடிக்கும். தூசியில் விழுந்த புள்ளிகளைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள். மேசையை நகர்த்தும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துவதும், நிறுத்தியதும் ஹேண்டிலிலிருந்து கையை எடுப்பதும் நல்ல பழக்கம். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அளப்பவரைப் பார்த்தால் எழுப்பிவிடுங்கள்.

மூலையின் ரேடியஸ் என்றால் எச்சரிக்கை. வில் சிறியதாக இருந்தால் அளவு கண்டபடி அலையும். 10 மி.மீ. ரேடியஸில் 20 டிகிரி வில் மட்டும் கிடைக்கிறது என்று வையுங்கள். அந்த வில்லின் உயரம் வெறும் 0.152 மி.மீ. அதில் 3 மைக்ரான் தவறினால் ரேடியஸ் 0.2 மி.மீ. தவறும். இதுபோன்ற இடத்தில் ரேடியஸை எண்ணாகச் சொல்லாமல், டிஎக்ஸ்எஃப் டிராயிங்கை (கம்ப்யூட்டரில் வரைந்த டிராயிங் ஃபைல்) திரையில் போர்த்தி இரண்டு எல்லைக் கோடுகளுக்குள் விழுகிறதா என்று பார்ப்பதே நேர்மையானது.

உயரம் அளக்க இசட் அச்சு இருக்கிறது. ஜூமை உச்சத்துக்குக் கொண்டுபோய், மேல் பரப்பில் ஃபோகஸ் செய்து பூஜ்ஜியம் வைத்து, கீழ்ப் பரப்பில் ஃபோகஸ் செய்து படிக்க வேண்டும். குறைந்த ஜூமில் ஃபோகஸ் ஆழம் அதிகம் என்பதால் ஏகத்துக்கும் தள்ளும். மூன்று அச்சில் இதுதான் பலவீனமானது. உயரம் முக்கியமான ஜாப் என்றால் டயல் ஹைட் கேஜுக்குப் போங்கள்.

ரப்பர்

ஓ-ரிங் தட்டில் வைத்ததும் வட்டமாக இருக்காது. கைபட்ட இடம் பிதுங்கும். லேசாகத் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு ரிங் முழுவதையும் சுற்றிப் புள்ளி எடுத்துச் சராசரி வட்டம் பொருத்துங்கள். ஒரு குறுக்கு அளவை மட்டும் எடுத்து ரிப்போர்ட் எழுதக் கூடாது. கீழ் விளக்கில் ரப்பரின் மேல் படிந்த டால்க் பவுடரும் விளிம்பாகத் தெரியும். ஈரமில்லாத மென்துணியால் துடைக்கவும். வல்கனைஸ் செய்து எடுத்த சூட்டோடு அளக்காதீர்கள். ரப்பர் சோதனைக்கான ஐஎஸ்ஓ 23529 தரம் 23 டிகிரியையும், வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரியையும், கூட்டிக் குறைத்து 2 டிகிரி வரை ஏற்கிறது. நம் அறைக்கு இது வசதி. எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை வாங்குபவரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

ஒரே திரைக்குள் அடங்கும் சின்ன அளவு தப்பு, மேசை நகர்த்தி எடுக்கும் நீள அளவு சரி என்றால் பிக்ஸல் கேலிபரேஷனிலோ ஜூமிலோ கோளாறு. சின்னது சரி, நீளம் தப்பு என்றால் ஸ்கேல் திருத்தம், இல்லாவிட்டால் வெப்பம். இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசிப் பிரச்சினை பிரிந்துவிடும்.

ஒரே அச்சில் மட்டும் எண் குதித்தால் ஸ்கேலின் ரீடிங் ஹெட்டில் எண்ணெய் அல்லது அழுக்கு. எல்லா அச்சிலும் சேர்ந்து குதித்தால் எர்த். ஹேண்டில் சுற்றுகிறது, மேசை வழுக்குகிறது என்றால் உராய்வால் நகர்த்தும் ராடுக்கு யாரோ நல்லெண்ணத்தில் ஆயில் விட்டிருக்கிறார்கள். துடைத்து எடுத்துவிடுங்கள், அந்த ராடுக்கு ஆயில் கூடவே கூடாது.

தினம் காலை கேலிபரேஷன் கண்ணாடியில் ஒரு வட்டமும் ஒரு நீளமும் அளந்து நோட்டில் எழுத ஐந்து நிமிடம் போதும். அளவு ஒரு பக்கமாக மெல்ல நகர்வது அந்த நோட்டில்தான் முதலில் தெரியும். ஆட்டோமொபைல் கம்பெனிக்கு சப்ளை செய்பவர்கள் கேஜ் ஆர் அண்டு ஆர் (கருவியாலும் ஆளாலும் அளவு எவ்வளவு சதவீதம் மாறுகிறது என்று பார்க்கும் சோதனை) கேட்பார்கள்: 10 பீஸ், 3 ஆபரேட்டர், ஆளுக்கு 3 தடவை, மொத்தம் 90 அளவு. 10 சதவீதத்துக்குள் வந்தால் நிம்மதி, 10-லிருந்து 30 வரை பேசித் தீர்க்கலாம், அதற்கு மேல் ஏற்க மாட்டார்கள். ஆபரேட்டர் பங்கு அதிகமாக வந்தால் மூன்று பேரும் ஒரே விளக்கு எண்ணையும் ஒரே ஃபோகஸ் இடத்தையும் வைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஜாப் தாளில் அதை எழுதி, மறுபடி எடுக்கவும். ±0.01 மி.மீ. டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) கொண்ட ஜாப்புக்கு இந்த வகைக் கருவி போதுமா என்ற கேள்விக்கும் அந்த 90 அளவுதான் பதில் சொல்லும். விற்பவரின் துண்டுத்தாள் சொல்லாது.

மாலையில் மேசையை நடுவில் நிறுத்தி, கேமராவை உயர்த்தி, மூடி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசியை இரவு சட்டென்று அணைத்துக் கதவைத் திறந்துவிட்டால் குளிர்ந்த லென்ஸ் மேல் ஈரம் படியும். சில வாரத்தில் பூஞ்சை வலை பின்னும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. மூடிக்குள் அரைக்கிலோ நீல சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணிப்பையில் கட்டி வையுங்கள். அது ரோஸ் நிறமானதும் 120 டிகிரி ஓவனில் மறுபடி நீலமாகும்வரை காயவைத்து, ஆறிய பிறகு உள்ளே வைக்கலாம்.